முண்ணாண் உரைத்த சான்று

வட்டுக்கோட்டை என்றவுடன் கற்றோர் நினைவிற்கு வருவது 1823ஆம் ஆண்டிலே தானியேல் பூவர் தலைமையில் அங்கு எழுந்த செமினரியேயாம். அங்கே கணிதமும் வானநூலும் கற்பிக்கப்பட்டமை பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவ்வூர் மருத்துவ நூலோடு கொண்ட தொடர்போ அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. 1833இல் வந்த வைத்தியர் நேதன் உவாட் அச்செமினரியைச் சார்ந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற் பணியாற்றினார். அவர் நீங்கிய பின்னர், 1847இல், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் இளம் வைத்தியர் அமெரிக்காவின் மசாசூசெற்சு மாநிலத்திலிருந்து வந்து முதலில் வட்டுக்கோட்டையிலேயே தங்கினார். 1848இல் மானிப்பாய்க்குப் பெயர்ந்து, அங்கு மருத்துவ வகுப்பொன்றைத் தொடக்கினார். அறுபதுக்கு மேற்பட்ட மாணாக்கர் அவரிடம் மருத்துவம் பயின்று வெளியேறினர். 1864 முதல் அக்கல்வி தமிழிலேயே நடந்தது.

தமிழிற் கற்பிப்பதாயின் தமிழில் நூல் வேண்டுமன்றோ? கற்றர் என்பார் எழுதிய உடற்கூற்று நூல் 1852இலேயே தமிழில் அச்சேறிற்று. இரண வைத்தியமும் பிரசவ வைத்தியமும் பின்னே வந்தன. 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் வெளிவந்தது, இலண்டனில் 1858இல் முதற்பதிப்புக் கண்ட கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகும். மூலம் தோன்றிப் பதினான்கு ஆண்டுகளுள் அதனைத் தமிழ் மாணாக்கன் தன் தாய்மொழியிற் படிக்க முடிந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னாளில் நாம் அவ்விரைவை எத்துணைத் துறைகளிற் காத்தோம் என்பது வேறு வினா.

இந்நூல்கள் பெரிதும் கூறியது நலமுள்ள உடலின் அமைப்பை. எலும்பு எங்கே, நரம்பு எவ்வழிச் செல்கிறது, இருதயம் எவ்வாறு இயங்குகிறது என்பனவே அங்காதிபாதத்தின் பொருள். ஆயின் கிறீன் வட்டுக்கோட்டைக்கு வந்திறங்கிய அதே காலத்தில் ஐரோப்பாவில் இன்னொரு கலை பிறந்துகொண்டிருந்தது. நோயுற்று இறந்தவரின் இழையத்தை மெல்லிய தகடாக அரிந்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, உயிரோடிருந்த போது அவர் பட்ட துன்பத்தின் காரணத்தைத் தேடும் கலை அது. உடலின் உறுப்புக்களுள் இக்கலைக்கு நெடுநாள் இணங்காது நின்றது முண்ணாண். தமிழகத்தார் இதனைத் தண்டுவடம் என்பர். இக்கட்டுரை அம்முண்ணாணைப் பற்றியதும், அது இறந்தோரிடமிருந்து உரைத்த சான்று நம் இனத்துச் சிறுமியர் சிலர்க்கு 1977, 1978ஆம் ஆண்டுகளில் எவ்வாறு பயன்பட்டது என்பதைப் பற்றியதுமாகும்.

முண்ணாண் முதிர்ந்த ஆணில் ஏறத்தாழ 45 சதமமீற்றர் நீளமும் சிறுவிரற் பருமனும் உடையது. முள்ளந்தண்டென்னும் எலும்புக் குழாயுள் மறைந்து கிடப்பது. 31 சோடி நரம்புகளை இருபுறமும் விடுப்பது. குறுக்கே வெட்டின், நடுவில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற் போல நரைநிறப் பகுதியும் அதனைச் சூழ வெண்ணிறப் பகுதியும் தோன்றும். நரைநிறத்தில் நரம்புக்கலங்கள் உள. வெண்ணிறத்தில் உள்ளவை மேலும் கீழும் ஓடும் நரம்பு நார்கள். மூளையின் கட்டளையைக் காலுக்குக் கொண்டு செல்லும் நார்கள் ஒரு தடத்தில் இறங்குகின்றன. பாதத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டு செல்வன வேறொரு தடத்தில் ஏறுகின்றன. வெறுங்கண்ணுக்கு இத்தடங்கள் யாவும் ஒரே வெண்மை. எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எவ்வாறு பிரித்தறிவது?

மேலும் அது மென்மையானது. கூரிய கத்தி பட்டாலும் குழைந்துவிடும். 1842ஆம் ஆண்டு சனவரி மாதத்துக் கடுங்குளிரில், செருமனியின் காசல் நகரத்து வைத்தியர் பெனடிக்ற் ஸ்ரில்லிங் என்பார் முண்ணாணின் துண்டொன்றை உறையவிட்டு, உறைந்த நிலையில் அதனை மெல்லிதாக அரிந்து நோக்கினார். நார்களின் ஒழுங்கு அவர் கண்முன் விரிந்தது. பனியையே கருவியாகக் கொண்ட அந்த உத்தி எளியதாயினும், முண்ணாணின் உள்ளமைப்பை ஆராயும் வாயில் அதனாலேயே திறந்தது.

1850இல் ஆங்கிலேயராகிய ஒகஸ்ரசு உவாலர், தவளையின் நாக்கு நரம்பை வெட்டிவிட்டுச் சில நாட்களின் பின் நோக்கி, தன் கலத்தினின்று பிரிக்கப்பட்ட நார் முழுவதும் சிதைந்து துணுக்குகளாவதைக் கண்டார். அடுத்த ஆண்டு வியன்னாவில் லுட்விக் தூர்க் இவ்வுண்மையை இறந்த மனிதரிடத்தே தேடினார். மூளையில் நோய்ப்பட்டு நெடுநாட் பக்கவாதமாய்க் கிடந்து இறந்தவரின் முண்ணாணில் ஒரு குறித்த தடம் மட்டும் கீழ்நோக்கிச் சிதைந்திருந்தது. முண்ணாணே நசுக்குண்டு இறந்தவரிடம் வேறு சில தடங்கள் மேல்நோக்கிச் சிதைந்திருந்தன. செய்தி எத்திசையிற் செல்கிறதோ அத்திசையிலேயே சிதைவும் செல்கிறது என அவர் கண்டார். நோயே ஆசிரியனாகி நின்று தடங்களைக் கோடிட்டுக் காட்டியது என்று கூறுவது மிகையாகாது. பின்னர்ப் பாரிசு நகரத்துச் சல்பெத்திரியேர் மருத்துவசாலையில் சார்க்கோ என்னும் பேரறிஞர், நோயாளியின் நடையையும் தளர்வையும் ஆண்டுக்கணக்கிற் குறித்து வைத்து, அவர் இறந்த பின் முண்ணாணை நோக்கி இரண்டையும் பொருத்திப் பார்க்கும் முறையை நிலைநாட்டினார். இளம்பிள்ளை வாதத்தில் முண்ணாணின் முற்கொம்பிலுள்ள இயக்க நரம்புக்கலங்கள் அழிந்திருத்தலை அவரும் சொப்புருவா என்பாரும் 1870இல் எடுத்துக்காட்டினர்.

இவ்வாராய்ச்சி எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை மாணாக்கர் அறிதல் நன்று. பிரேத பரிசோதனையின் போது உடலைக் குப்புறக் கிடத்தி, முள்ளென்புகளின் பின்வளைவுகளை அறுத்து நீக்கி, முண்ணாணை அதன் உறையோடு எடுப்பர். இழுத்தாலும் அழுத்தினாலும் பின்னர்க் காணப்படும் சிதைவு நோயினதா கைப்பிழையினதா என்று தெரியாமற் போகும். ஆதலின் இப்பணிக்கு வேண்டுவது வலிமையன்று, பொறுமையே. எடுத்ததைப் போமலினில் இரு வாரமளவு இட்டு வைத்தால் அது இறுகும். இவ்வழக்கம் புளூம் என்னும் செருமானியர் 1893இல் அப்பொருளின் பதப்படுத்தும் இயல்பைக் கண்ட பின் பரவியது. பின்பு கழுத்து, மார்பு, இடை எனப் பல மட்டங்களிற் குறுக்கே வெட்டி, மெழுகிற் பதித்து, மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு தடிப்புள்ள தகடுகளாகச் சீவுவர்.

சீவிய தகடு நிறமற்றது. சாயமூட்டிய பின்னரே அது பேசும். இரு சாய முறைகளை மட்டும் ஈண்டுக் கூறுவோம். வைகேட் என்பார் 1884இல் வகுத்த முறை, நாரைச் சூழ்ந்த மயலின் உறை நலமாயுள்ள இடத்தைக் கருநீலமாக்கும். அழிந்த தடம் வெளிறிக் கிடக்கும். இத்தாலியராகிய மார்க்கி அதற்கு ஈராண்டளவிற் பின் வகுத்த முறையோ இதற்கு நேர்மாறானது. அது நலமான உறையை விடுத்து, அழிந்துகொண்டிருக்கும் உறையின் கொழுப்பை மட்டும் கரும்புள்ளிகளாக்கும். ஆகவே அண்மையில் நேர்ந்த அழிவை மார்க்கி முறை கருமையாற் காட்டும். நெடுநாட் கடந்த அழிவை வைகேட் முறை வெறுமையாற் காட்டும். இரண்டையும் அறிந்தவனுக்கு அழிவின் இடம் மட்டுமன்றிக் காலமும் ஒருவாறு புலனாகும்.

இனி, இக்கலை நம்மவர்க்குப் பயன்பட்ட வரலாற்றுக்கு வருவோம்.

பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் அவளுக்கு நல்லெண்ணெய் கொடுப்பது தமிழரின் பழவழக்கு. யாழ்ப்பாணத்திலே பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், உழுத்தங்களியும் கத்தரிக்காயும் எனத் தாயும் பேத்தியும் பார்த்துப் பார்த்துக் கொடுப்பர். இடுப்பு வலுவுறும், பின்னாளிற் பிள்ளைப்பேறு இலகுவாகும் என்பது அவர் நம்பிக்கை. பிள்ளை பெற்றவளுக்கும் அவ்வெண்ணெய் உரியது. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களிலும் இவ்வழக்கு உண்டு. வருவாய் குறைந்த அக்குடும்பங்களில் நல்லெண்ணெய் நாடோறும் வாங்கும் பொருளன்று. மகளின் பொருட்டு வாங்கும் பொருள்.

1977இலும் 1978இலும் அத்தோட்டங்களைச் சேர்ந்த இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சிறுமியர் கைகால் தளர்ந்து மருத்துவசாலைகளை அடைந்தனர். தளர்வு கைகால்களின் நுனிப்புறத்திலேயே மிகுந்திருந்தது. உணர்ச்சி பெரிதும் கெடவில்லை, இயக்கமே கெட்டது. எவ்வூரிலும் நரம்புத் தளர்ச்சி அங்கொருவர் இங்கொருவருக்கு வருதல் உண்டு. ஆயின் வந்தவர் பெரும்பாலும் பூப்பெய்திய பருவத்துப் பெண்களாகவே இருந்தமை வைத்தியரைச் சிந்திக்க வைத்தது. தொற்றுநோயாயின் சிறுவரை விடுத்துச் சிறுமியரை மட்டும் ஏன் பற்ற வேண்டும்? வைத்தியர் நிமால் சேனநாயக்கவும் ஜே. ஜெயரத்தினமும் இவ்வினாவைத் தொடர்ந்து சென்று, அச்சிறுமியர்க்கு ஊட்டப்பட்ட நல்லெண்ணெயை அடைந்தனர். எண்ணெயிலே திரைகிரெசைல் பொசுபேற்று என்னும் நஞ்சு இருந்தது. பொறிகளுக்கிடும் எண்ணெய்களிலும், பிளாத்திக்குப் பொருள்களை இளக்குதற்கும் பயன்படும் இரசாயனப் பொருள் அது. முன்பு கனிப்பொருள் எண்ணெய் வைத்திருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றிச் சென்ற போது அது கலந்திருக்கலாம் என்பது அவர்தம் முடிபு. 1981 சனவரியில் இலண்டன் 'லான்செற்' ஏட்டில் இதனை அவர்கள் வெளியிட்டனர்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. எண்ணெயில் எத்தனையோ மாசு கலக்கலாம். நிறமோ சுவையோ மணமோ காட்டிக்கொடுக்காத இப்பொருளை ஐயுற வேண்டும் என்று வைத்தியர்க்கு எவ்வாறு தோன்றிற்று? விடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில், இறந்தோரின் இழையத்திலும் ஆய்வுசாலைக் கோழிகளின் முண்ணாணிலும் எழுதப்பட்டிருந்தது.

1930ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒக்கிலகோமா நகரத்திலும் தென்மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கான மக்கள் திடீரெனக் கால் தொய்ந்து, பாதத்தைத் தூக்கி அறைந்து நடக்கலாயினர். பெரும்பாலோர் ஏழைகள். அந்நாளில் அங்கு மது விலக்கப்பட்டிருந்தமையால், மருந்தென்ற பெயரில் விற்கப்பட்ட யமேக்கா இஞ்சிச் சாற்றை மதுவுக்காகக் குடித்தவர் அவர். மருந்தாகவே இருத்தல் வேண்டும் என்பதற்காகச் சாற்றிலே இஞ்சிப் பிசின் இவ்வளவு இருத்தல் வேண்டுமெனச் சட்டம் விதித்தது. அதிகாரிகள் சாற்றைக் காய்ச்சி எஞ்சியதை நிறுத்துப் பார்ப்பர். அந்நிறையைக் கள்ளமாக நிரப்பும்பொருட்டுப் பொசுற்றன் நகர வணிகர் இருவர் லிண்டோல் என்னும் பொருளைக் கலந்தனர். அது நஞ்சென்பதை எவரும் அறியார். அவ்வணிகர்க்குக் கிடைத்த தண்டனை மிகச் சிறிதே என்பதை வரலாற்று நூலார் வருத்தத்தோடு குறிப்பர்.

அமெரிக்க அரசின் ஆய்வாளர் மொறிசு சிமித்தும் இரசாயனர் எலியாசு எல்வோவும் அதே ஆண்டிலே நஞ்சை இன்னதெனக் கண்டனர். குற்றச்சாற்றை நாய்க்கும் குரங்குக்கும் ஊட்டிய போது மனிதர்க்கு வந்த வாதம் அவற்றுக்கு வரவில்லை. கன்றுக்கும் கோழிக்கும் வந்தது. பின்பு சிமித்தும் நோய்க்கூற்று அறிஞர் லில்லியும் 1931இல் அந்நஞ்சு நரம்பிழையத்தில் விளைக்கும் மாற்றங்களை நுணுக்குக்காட்டி கொண்டு விரித்துரைத்தனர். நரம்புகளின் மயலின் உறை துண்டு துண்டாகச் சிதைந்திருந்தது. முண்ணாணின் முற்கொம்புக் கலங்களிலும் மாற்றம் இருந்தது.

ஆயினும் முழு உண்மை அப்பொழுதே வெளிப்படவில்லை. நோயாளிகள் சிலர் ஓரிரு ஆண்டுகளிற் சிறிது தேறினர். தொய்ந்த கால் வலுப்பெற்றது. அவ்வாறு வலுப்பெற்ற காலே பின்பு விறைத்து, கத்தரிக்கோல் போலப் பின்னி நடக்கலாயிற்று. தொய்தலும் விறைத்தலும் ஒரே நோயின் இரு முகங்களாதல் எங்ஙனம்? இறந்தோரின் முண்ணாணே இதற்கு விடையளித்தது. ஏரிங் என்பார் 1942இல் 'பிரெயின்' ஏட்டில் எழுதிய கட்டுரை, இந்நஞ்சு புறநரம்பை மட்டுமன்றி முண்ணாணின் குறித்த தடங்களையும் நாடிச் சென்று தாக்கும் என்பதை எடுத்துரைத்தது. மூளையினின்று இறங்கும் தடம் இடைப்பகுதியில் அழிந்திருந்தது. முதலிற் புறநரம்பு கெட்டதனாற் கால் தொய்ந்தது. அத்தொய்வு முண்ணாணின் கேட்டை மறைத்து நின்றது. புறநரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றரளவு மீள வளர வல்லது. முண்ணாண் நார்கள் அவ்வாறு வளர மாட்டா. ஆதலின் நரம்பு தேறத் தேற, தேறாத முண்ணாணின் குறை வெளிப்பட்டது. திரை விலகிய பின் தெரியும் பாழ்ச்சுவர் போன்றது இது.

1954இல் கவனா என்னும் ஆங்கிலேய நோய்க்கூற்று அறிஞர் கோழிகளில் இவ்வாய்வை மேலும் நுட்பமாக்கினார். நஞ்சுண்ட கோழிக்கு முதற் சில நாட்களில் ஒரு குறையும் இல்லை. ஏறத்தாழ இரண்டு வாரத்திற் கால் தளரும். அதன் முண்ணாணில் மேலேறும் நீண்ட தடங்கள் தம் மேல் நுனியிலும், கீழிறங்கும் நீண்ட தடங்கள் தம் கீழ் நுனியிலும் சிதைந்திருந்தன. குறுகிய நார்கள் தப்பின. நீளத்தாலும் பருமனாலும் மிக்க நார்களே முன் மாண்டன. மாண்டதும் நுனியிலிருந்து பின்னோக்கியே. தன் கலத்தினின்றும் தொலைவிலுள்ள நுனியைப் போற்றும் ஆற்றல் நாருக்குக் குன்றியது போலும். கோழியிற் கண்ட ஒழுங்கே மனிதனின் காலும் கையும் நுனியிலே தளர்வதன் காரணத்தையும் விளக்கியது. நரம்பிலுள்ள ஒரு நொதியத்தை இத்தகைய பொசுபரசுச் சேர்வைகள் தாக்குதலே தொடக்கம் என்பதை 1969இல் ஜோன்சன் என்பார் காட்டினார். இன்றும் இத்தகைய பொசுபரசுச் சேர்வையாலான புதிய பூச்சிகொல்லி மருந்தொன்று விற்பனைக்கு வருமுன் கோழியில் இவ்வகைச் சோதனை செய்யப்படுவது இவ்வழி வந்த மரபாகும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கும் நம் குடாநாட்டுக் கமக்காரர்க்கும் இதனிற் பங்குண்டு.

இவையெல்லாம் நூலேறியிருந்தமையினாலேயே 1977இல் இலங்கை வைத்தியர்க்கு அச்சிறுமியரின் நோய் புதிராக நின்றுவிடவில்லை. இந்நோய் பெரும்பாலும் உயிரைக் கொள்வதன்று. ஆகவே சிறுமியரின் முண்ணாணைக் காணும் நிலை எழவில்லை, எழாதிருந்ததே நலம். காணாத முண்ணாணைப் பற்றி வைத்தியர் துணிந்து பேச முடிந்தது, முன்பு பிறர் கண்டிருந்தமையால். சேனநாயக்க அவர்களை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்து, நரம்பின் மின்னோட்டத்தையும் அளந்து, 1981இல் மற்றொரு கட்டுரை வெளியிட்டார். புறநரம்பின் கேட்டோடு முண்ணாணின் இறங்குதடக் கேட்டைக் காட்டும் குறிகளும் அதிற் பதிவாகியுள்ளன. அமெரிக்காவில் இஞ்சிச்சாற்றால் நோயுற்று எஞ்சியிருந்த முதியோரை நாற்பத்தேழு ஆண்டுகளின் பின் ஆராய்ந்து, அவரிடம் நிலைத்து நின்றது முண்ணாணின் குறையே என மோர்கன், பெனோவிச் ஆகிய இருவரும் எழுதியதும் 1978இலேயாம். ஒரு நாட்டில் முதியோர் சுமந்த முடிவும் மற்றொரு நாட்டிற் சிறுமியர் கண்ட தொடக்கமும் ஒரே காலத்தில் ஏட்டிலேறின.

நம்மவரிடையே பிரேத பரிசோதனை என்றால் அருவருப்பும் அச்சமும் இன்றும் உள. ஈமக்கடன் தாமதமாகிறது, உடல் குறைவுபடுகிறது என்பர். கல்கத்தாவில் 1836இல் மதுசூதன குப்தர் பிணத்தை அறுத்துக் கற்பித்த போது இதனினும் பெரிய எதிர்ப்பை எதிர்நோக்கினார். எரிக்கு ஈயும் உடலிலே விரலளவு முண்ணாண் பின்வருவோர்க்குக் கல்வியாய் எஞ்சுதல் சமயத்துக்கு மாறானது என்று கொள்ளுதற்கு யாம் காரணம் காணோம். உடல் நிலையாதது என்று நாள்தோறும் ஓதும் நாம், அதனைக் கல்விக்கு ஈவதில் மட்டும் அது நிலைத்ததென எண்ணுதல் பொருந்துமா? உற்றாரின் இசைவு பெற்று, மரியாதையோடு செய்தல் வேண்டும் என்பதில் எவர்க்கும் மாறுபாடிராது. அமெரிக்காவில் இழையம் அளித்த ஏழைகளுட் பலரிடம் எவரேனும் இசைவு கேட்டிருப்பரா என்பது ஐயமே.

மருத்துவ வகுப்பு மானிப்பாயில் தொடங்கி நூற்றுமுப்பது ஆண்டு கழிந்த பின், அந்த 1978ஆம் ஆண்டிலேதான் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக மருத்துவ பீடம் தோன்றியது. நான்காண்டு முன்னர் நிறுவப்பட்ட யாழ்ப்பாண வளாகத்தின் விஞ்ஞான வகுப்புகள் முதலில் நடந்த இடம் வட்டுக்கோட்டையே. கிறீன் தமிழில் ஆக்கிய நூல்களோ அதற்குள் நூல்நிலையப் பேழைகளிற் சேர்ந்துவிட்டன.

கலப்படத்தின் வரலாறு தோட்டத்துச் சிறுமியரோடு தொடங்கவுமில்லை, முடியவுமில்லை. மொறொக்கோவின் மெக்னெசு நகரில் 1959இல் ஆகாயவிமானப் பொறியெண்ணெயைச் சமையலெண்ணெயோடு கலந்து விற்றதனால் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் நோயுற்றனர். பம்பாயில் இந்நஞ்சால் நரம்புக் கேடுற்றோரைப் பற்றி, நரம்பு நோய்க்கூற்றியலை இந்தியாவில் வளர்த்த தாராப் தஸ்தூர் முதலியோர் 1962இல் எழுதினர். நம் சிறுமியரின் செய்தி 'லான்செற்' ஏட்டில் வந்து ஏழாண்டு கடந்த பின், 1988இல், கல்கத்தாவின் பெகாலாப் பகுதியில் சமையலெண்ணெயில் அதே பொருள் கலந்திருந்தது. அறுநூறு பேரளவில் கால் தொய்ந்தனர். வைத்தியர் இம்முறை நெடுநாள் தேட வேண்டியிருக்கவில்லை.